உள்தாழ்ப்பாள்

கந்தப்பளையில் லீக்ஸ் மூட்டை சுமந்து
ஓய்ந்துபோன ட்ரெய்லர்.
எட்டடி நீளம், நாலரை அகலம்,
அடித்தட்டுத் துருவோட்டையில்
கீழேயிருந்து புல் எட்டிப்பார்த்தது.
தொண்ணூறாயிரம் சொன்னார் நியாஸ் நானா.
மூர்த்தி குனிந்து அச்சைத் தட்டினார்,
காதை வைத்துக் கேட்டார்,
"நல்ல குடும்பத்து இரும்பு" என்றார்.

கட்டாரில் ஆறு வருஷம் வெல்டிங்.
வெள்ளிக்கிழமைகளில் யாரோ ஒரு முதலாளி
ஜீப்பின் பின்னால் வீட்டைக் கொளுவிக்கொண்டு
மணலுக்குள் போவாராம்.
இவர் கொண்டுவந்தது அதைத்தான்.
தங்கம் கொண்டுவரவில்லை.

சின்னச் சில்லைக் கழற்றி ஜீப் சில்லு போட்டோம்.
அச்சுக்குக் கீழிருந்த வில்லுத்தகடுகளை
மேலே மாற்றிப் பூட்டியதும்
ட்ரெய்லர் எழும்பி நின்றது,
ஓடையில் இறங்குமுன்
படங்கைத் தூக்கிச் செருகியவள் மாதிரி.
தரைக்கும் வயிற்றுக்கும் பதினாறு அங்குலம்.

"படு, கட்டில் அளக்கணும்."
தகரத்தில் படுத்தேன்.
முழங்கால் தானாக மடங்கியது.
"நீட்டு."
நீட்டினேன்.
"இன்னும்."
முப்பத்தெட்டு வருஷம்
ஒரு காம்பராவில் ஆறு பேர், அடுப்பு, விறகு,
சில மாதம் ஓர் ஆட்டுக்குட்டி.
யாரோ ஒருவருடைய முதுகுக்கு இடம்விட்டே
மடிந்து பழகிய கால்.
உச்சியிலிருந்து குதிவரை
சோக்குக் கட்டியால் கோடு இழுத்தார்.
எழுந்து நின்று பார்த்தேன்.
இவ்வளவு நீளமா நான்?

நீர்கொழும்பு மீன் லொறி வீசிய
ரெஜிபோம் பெட்டிகளை அறுத்துச்
சுவருக்குள் அடைத்தோம், குளிருக்கு.
மூன்று தரம் கழுவியும்
வெயிலடித்தால் சூரை மணத்தது.
"என்னடி, சவப்பெட்டிக்குச் சில்லா?"
என்றாள் அடுத்த காம்பரா ரட்ணமலர்.
"ஓமக்கா, ரெண்டு பேருக்கு."
அவர் கேம்பர் என்பார்.
என் வாயில் அது காம்பராவாகவே வந்தது.

வாகனப் புத்தகம் என் பெயரில்.
காணி உறுதி தருகிறோம் என்றவர்கள்
இன்னும் தந்துகொண்டே இருக்கிறார்கள்.
இது அரை நாளில் வந்தது,
முத்திரையோடு.

ஒஹியா தாண்டி உடவேரியாப் பாதை.
தர்மசிறியிடம் இரவல் வாங்கிய
பழைய லேண்ட் ரோவர்
முதலாம் கியரிலேயே முனகியது.
ஒரு கானில் ட்ரெய்லர் ஒற்றைச் சில்லில் நின்று
யோசித்தது.
நான் மூச்சு விடவில்லை.
பிறகு, சரி என்பதுபோல், விழுந்தது.
உள்ளே சட்டிகள் பேசி முடிய நேரமெடுத்தது.

சில்லுக்குக் கல் வைத்தோம்.
பின்மூடியைத் தூக்கி ரொட்டி சுட்டோம், சம்பலோடு.
மூடுபனி வந்து எங்கள் பிளேன்டீயில்
கொஞ்சம் குடித்துவிட்டுப் போனது.

இரவு கதவைச் சாத்தினேன்.
தடவினேன். தாழ்ப்பாள் இல்லை.
வெளிப்பக்கம் மட்டும்தான்.
மூன்று மாத வேலை, இருநூறு திருகாணி,
ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட.
இது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.
"லீக்ஸ் உள்ளேயிருந்து திறந்துகிட்டு வராதே"
என்றார் மூர்த்தி, வெட்கச் சிரிப்போடு.

எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை.
முதன்முதலில் லயம் கட்டியவன்
கதவின் எந்தப் பக்கத்தில்
கொண்டி அடித்திருப்பான்?

பெல்ட்டைக் கழற்றிக் கட்டினார்.
காற்று ஓரங்குலம் திறந்தது, மூடியது, திறந்தது.
அந்த ஓரங்குலத்தில், வெகு கீழே,
ஏதோ ஓர் ஊரின் விளக்குகள்.
"விடிஞ்சதும் ஓட்டை போட்டுடுறேன்."
"நான் போடுறேன்" என்றேன்.
"ட்ரில் எங்க?"

காலை நீட்டினேன்.
பலகை தட்டவில்லை.
இன்னும் நீட்டினேன், தட்டவில்லை.
சோக்குக் கோட்டுக்கு அப்பால்
இரண்டு அங்குலம் கூட்டி அறுத்திருக்கிறார்,
சொல்லாமல்.
கூரைத் தகரத்தில் மழை தொடங்கியது.
எங்கோ ஒரு மூலையில்
சூரை மீன் இன்னும் மணத்தது.